தறிமேடு ஊராட்சிக்கு நான் கொடுத்த அங்கீகாரம்

டெஸ்பாட்ச் செக்‌ஷனில் போட்டால் உங்களில் பல பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். வருகிற கவரைப் பிரிப்பதும் போகிற கவரில் விலாசம் எழுதுவதும் ஒரு வேலையா, இதற்காகவா பரீட்சை எழுதி வந்தோம் என்று கேட்கிறீர்களாம். நானும் உங்கள் வயதில் அதையேதான் கேட்டேன். ஒரே ஒரு கவரில் விலாசம் எழுதி ஓர் ஊரைத் தனியாகப் பிரித்துக் கொடுத்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

எழுபதுகளின் முதல் பாதி. ஆரணியைச் சுற்றியிருந்த ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றில் எனக்கு வேலை. எந்த ஒன்றியம் என்று சொல்லப்போவதில்லை. ஊர்களின் பெயரையும் மாற்றித்தான் சொல்வேன். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தருகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பது பெரியூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் விளைகிற ஊர், ஊராட்சி அலுவலகமும் அங்கேதான். அந்தப் பக்கம் தறிமேடு. பெரியூர் ஊராட்சியைச் சேர்ந்த குக்கிராமம், வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. பெரியூர்த் தலைவர் ரைஸ் மில் வைத்திருந்ததால் எல்லாருக்கும் அவர் மில்காரர். நல்ல மனிதர்தான். ஒருநாள் அவர் தறிமேட்டுக்கு நன்மை செய்வதாக நினைத்து, அங்கிருந்த ஒரே நீளத் தெருவின் நட்டநடுவில் ஒரு விளக்குக் கம்பத்தை நட்டுவைத்தார்.

உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவை, அதாவது நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளை, தெருவில் நீட்டிக் கட்டுவார்கள். மூன்று நான்கு சேலைக்கான நீளம். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு இரண்டு பேர் நின்று இழை இழையாகப் பார்த்து, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுத்துப் போவார்கள். அதற்கு நேரான, தடையில்லாத தெரு வேண்டும். தறிமேட்டில் இருந்தது அந்த ஒரு தெருதான். மில்காரர் நட்ட கம்பம் ஊரின் தொண்டையில் நட்டது போல ஆயிற்று. மூன்று முறை மனுக் கொடுத்தார்கள். "லைட்டு போட்டது ஒரு குத்தமா?" என்று மில்காரர் மூன்று முறையும் சிரித்தார்.

நான்காவது முறை அவர்கள் மனுக் கொடுக்கவில்லை. ஏகாம்பரம் என்ற நெசவாளர் தலைமையில் கம்பத்தைப் பிடுங்கி ஊர் எல்லைக்கு எடுத்துப்போய் அங்கே நட்டார்கள். அதில் ஒரு பலகை மாட்டினார்கள். 'தறிமேடு ஊராட்சி. தலைவர்: ஏகாம்பரம்.' பெரியூரிலிருந்து இன்றோடு பிரிந்தோம் என்று ஊர்கூடிப் பேசி, ஆரணியில் லெட்டர்ஹெட் அச்சடித்து, வேலூரில் ரப்பர் ஸ்டாம்பும் செய்துகொண்டார்கள். ஊதா மை.

சட்டப்படி இதன் நிலை என்ன? ஒன்றுமில்லை. அரசாணை வந்து, கெஜட்டில் அறிவித்தால்தான் ஓர் ஊராட்சி பிறக்கும். ஆனால் தறிமேட்டுக்குள் போனால் ஏகாம்பரம் சொன்னால்தான் தெருவில் எந்த வீட்டுப் பாவு முதலில் நீளும், கைப்பம்படியில் யார் முறை என்பதெல்லாம் நடக்கும். மில்காரர் சொன்னால் ஒரு கோழி கூட நகராது. சட்டத்தில் இருப்பவருக்கு ஊர் இல்லை, ஊர் இருப்பவருக்குச் சட்டம் இல்லை. இப்படியே ஆறு மாதம் ஓடியது.

அப்போதுதான் நான் என் திறமையைக் காட்டினேன். தறிமேட்டிலிருந்து அந்தப் புது லெட்டர்ஹெட்டில் ஒரு மனு வந்திருந்தது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரிப் பதில் தயாராகி என் மேசைக்கு வந்தது. அன்றைக்கு ஐம்பது அறுபது கவர் இருக்கும். மனுவின் தலைப்பில் இருந்ததை அப்படியே பார்த்து, மணிமணியான கையெழுத்தில் எழுதினேன்: 'தலைவர், தறிமேடு ஊராட்சி'. அரசுப் பணிக்காக என்ற முத்திரையையும் பளிச்சென்று குத்தி அனுப்பிவிட்டு, கேண்டீனில் போய் மசால் வடை சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தறிமேட்டில் மேளம் கொட்டினார்கள். உள்ளே இருந்த பதிலை யாரும் படிக்கவில்லை. கவரைத் தாம்பாளத்தில் வைத்து, மாலை போட்டு, தெருவை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். பிறகு கண்ணாடி பிரேம் போட்டு ஏகாம்பரத்தின் வீட்டில் மாட்டினார்கள். சர்க்கார் ஒத்துக்கொண்டுவிட்டது என்று ஆரணி வரைக்கும் சேதி போயிற்று. மில்காரர் நேராக எங்கள் ஒன்றியக் கமிஷனர் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. 'அரசாணை ஏதுமின்றித் தாங்கள் ஓர் ஊராட்சியைத் தோற்றுவித்தது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' தட்டச்சு செய்த அம்மாள் சிரித்துச் சிரித்து இரண்டு இடத்தில் தப்பாக அடித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகுதிகாண் பருவம் முடியாதவன் நான், ஒரு வரியில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அதன் பிறகு அலுவலகத்தையே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஹெட் கிளார்க் எதற்கும் 'எனப்படும்' சேர்க்கச் சொன்னார். தறிமேடு ஊராட்சி எனப்படும் அமைப்பின் தலைவர் எனப்படும் ஏகாம்பரம். ஒருநாள் அவசரத்தில் 'ஏகாம்பரம் எனப்படுபவர்' என்று எழுதி, அந்த மனிதர் பிறந்தாரா என்பதையே சந்தேகத்துக்குள்ளாக்கினோம். தறிமேட்டுக் கைப்பம்பு பழுதாயிற்று. பதில் எழுதினால் அங்கீகாரம் ஆகிவிடும் என்று பதில் எழுதவில்லை. பதில் எழுதாததால் பம்பும் ரிப்பேர் ஆகவில்லை. எண்பது வீட்டுப் பெண்கள் எங்கள் 'எனப்படும்' காரணமாக அரை மைல் நடந்து தண்ணீர் தூக்கினார்கள். அது நினைவுக்கு வந்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் மல்லிகாவின் விண்ணப்பம் வந்தது. ஒன்றியத்தில் பால்வாடி ஆசிரியை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வசிக்கும் ஊராட்சியின் தலைவரிடம் குடியிருப்புச் சான்று வாங்கி இணைக்க வேண்டும். மல்லிகா இணைத்திருந்த சான்றில் ஊதா மையில் மூன்று சீல் இருந்தது.

தறிமேட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே பெண் அவள். தகப்பனுக்குக் கண் மங்கிவிட்டதால் தறிக்குழியில் இறங்கி நெய்வது அவள்தான். வயது வரம்பைத் தாண்ட இரண்டு மாதம் இருந்தது. வெள்ளிக்கிழமை நேர்காணல். இந்த முறை விட்டால் அவளுக்கு அந்தக் கதவு சாத்தியதுதான். புதன்கிழமை காலை அவளே வந்து ஜன்னல் அருகில் நின்றாள்.

"பெரியூர்த் தலைவர்கிட்ட கேட்டியாம்மா?" என்றேன்.

"ரெண்டு வாட்டி போனேங்க சார். நீங்கதான் தனி ஊரு ஆயிட்டீங்களே, உங்க தலைவரு கையில வாங்கிக்கன்னு சொல்லிட்டாரு."

"உங்க தலைவரு உடனே குடுத்துட்டாரா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாரு சார். ஒரு சீலு போதாதுன்னு மூணு போட்டாரு. இன்னா பிரயோஜனம்? செல்லாதுன்னு எல்லாரும் சொல்லிகினு கீறாங்க." அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன.

ஹெட் கிளார்க் எட்டிப்பார்த்தார். "ரிட்டர்ன் பண்ணிடுப்பா ஜல்தியா. அந்த சீலு பட்ட காகிதத்த நம்ம ஃபைல்ல சேத்தா நாளைக்கு அதுக்கும் மேளம் கொட்டுவானுங்க. உன் மெமோவே இன்னும் முடியல, ஞாபகம் இருக்குதில்ல?"

ஞாபகம் இல்லாமலா? திருப்பி அனுப்பும் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். 'தறிமேடு என்ற பெயரில் ஊராட்சி எதுவும் இல்லை' என்று முதல் வரி. சரி. 'அந்தப் பகுதி பெரியூர் ஊராட்சிக்கு உட்பட்டது' என்று இரண்டாவது வரி. அதுவும் சரி. 'ஆகவே விண்ணப்பதாரர்' என்று மூன்றாவது வரியைத் தொடங்கியவன் நின்றுவிட்டேன். ஆகவே விண்ணப்பதாரர் பெரியூர்க்காரர். ஊராட்சி இல்லாமல் இருக்கலாம், மல்லிகா இருக்கிறாள். அவளுக்குச் சான்று கொடுக்க வேண்டியவர் யார் என்பதை நிராகரிப்புக் கடிதமே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டே வரியில் வேறொன்று எழுதி எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

மில்காரர் தவிட்டுத் தூசிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா தம்பி, இன்னிக்கு எந்த ஊரப் பிரிச்சி உட்டுட்டு வரே?" என்றார்.

"ஒரு கையெழுத்து வேணுங்க. தறிமேடு மல்லிகா விஷயம்."

"அது வேற ஊராச்சே. நீதானே கவரு அனுப்பிச்ச."

"சரிங்க. சான்று ஏன் இல்லன்னு ஃபைல்ல காரணம் வெக்கணும். இதுல போட்டுக் குடுத்துடுங்க" என்று காகிதத்தை நீட்டினேன். 'தறிமேடு எங்கள் ஊராட்சியைச் சேர்ந்ததல்ல. ஆகவே அங்கு வசிக்கும் மல்லிகாவுக்குச் சான்று வழங்க இயலாது.'

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பேனா மூடியைத் திருகித் திறந்தார். நிப்பு காகிதத்தைத் தொடுகிற நேரத்தில் கை நின்றது. முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"இத்த எங்க வெப்பீங்க?"

"ஃபைல்லதாங்க. யாராவது நகல் கேட்டா குடுக்கணும்."

"யாரு கேப்பாங்க?"

"ஏகாம்பரம் கேப்பாரு."

மில்காரர் பேனாவை மூடினார். "இத்தயும் பிரேம் போடுவானா?"

"அந்தக் கவருக்குப் பக்கத்துலயே எடம் உட்டு வெச்சிகினு கீறாருங்க."

இது பொய். பணியில் நான் வாயால் சொன்ன பொய்களில் எனக்கு மிகவும் பிடித்தது. மில்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்று சொல்லிவிட்டு, தன் லெட்டர்பேடை இழுத்துச் சான்று எழுதினார். கேட்டதற்கு மேலேயே எழுதினார். 'எங்கள் பெரியூர் ஊராட்சியின் பிரிக்க முடியாத பகுதியாகிய தறிமேட்டில் வசிக்கும் எங்கள் ஊர்ப் பெண் மல்லிகா' என்று அரைப் பக்கம்.

அந்தப் 'பிரிக்க முடியாத பகுதி'தான் அடுத்த வம்பு. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் அலுவலக வேப்பமரத்தடியில் மல்லிகா சான்றோடு நிற்க, எதிரில் ஏகாம்பரமும் இருபது நெசவாளர்களும் நின்றார்கள்.

"இந்தக் காகிதத்த நம்மூருப் பொண்ணே கொண்டாந்து குடுத்தா, நாம ஒத்துகினா மாதிரி ஆயிடும்மா" என்றார் ஏகாம்பரம். மிரட்டவில்லை, கெஞ்சினார். அவர் பயமும் நியாயமானதுதான். நாளைக்கு விசாரணை என்று வந்தால் மில்காரர் இதைத்தான் தூக்கிக் காட்டுவார்.

மல்லிகா அவரைப் பார்த்து, "மாமா, நம்ம ஊரு தனியாவறதுக்கு இன்னும் எத்தினி வருஷம் ஆவும்?" என்று கேட்டாள்.

"ஆவும். ரெண்டோ, மூணோ. போராடணும்."

"எனக்கு ரெண்டு மாசந்தான் மாமா இருக்குது."

ஏகாம்பரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் என்ன நினைத்தேனோ தெரியவில்லை, ஜன்னலை விட்டு வெளியே வந்து, "உங்க ஆட்சேபத்த எழுதிக் குடுங்க. அவங்க விண்ணப்பத்தோடயே சேத்து வெக்கறேன்" என்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மல்லிகா பிழைப்புக்காக இந்தச் சான்றைத் தருகிறாள், இதனால் தறிமேட்டின் கோரிக்கைக்கு எந்தப் பங்கமும் இல்லை. கீழே தலைவர் என்று கையெழுத்து, ஊதா சீல்.

அதைப் பதிவேட்டில் ஏற்றும்போது அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். 'ஏகாம்பரம், நெசவாளர், தறிமேடு' என்று எழுதியிருந்தேன்.

"தலைவர்னு போடலியே."

"நான் போட்டா எனக்கு வேல போயிடுங்க. நீங்க போட்டுக்கலாம், அது உங்க கை."

அவர் யோசித்தார். "எனப்படும்னு போடலியே, அது போதும்" என்றார். நாங்கள் ரகசியமாக எழுதுவதாக நினைத்திருந்த வார்த்தை ஊருக்கே தெரிந்திருக்கிறது.

நேர்காணலில் கமிஷனர் விண்ணப்பத்தைப் புரட்டினார். ஒரு சான்று, அதற்கு ஓர் ஆட்சேபம், ஆட்சேபத்தின் கீழ் ஊதா சீல். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். காகிதம் எடுத்துக் கொடுக்க நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நீ எந்த ஊராட்சிம்மா?" என்று மல்லிகாவைக் கேட்டார்.

"ஆத்துல தண்ணி வந்தா தறிமேடுங்க சார். வடிஞ்சா பெரியூரு."

ஆறு மாதமாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார். மல்லிகாவுக்கு வேலை கிடைத்தது, தறிமேட்டிலேயே. அடுத்த வாரம் என் மெமோவில் 'எதிர்காலத்தில் விலாசங்களை எழுதும்போது கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்' என்று எழுதி மூடினார். கைப்பம்பையும் சரிசெய்ய ஆணையிட்டார், 'பெரியூர் ஊராட்சிக்கு உட்பட்ட தறிமேடு' என்று. தறிமேட்டுக்காரர்கள் முதல் பாதியைப் படிக்காமல் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள்.

உங்களுக்கும் இது மாதிரி வரும். பிரிந்தோம் என்று ஒருவர், பிரியவில்லை என்று ஒருவர், நடுவில் கையில் ஒரு விண்ணப்பத்தோடு ஒருத்தி. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். ஊர் எங்களுடையது என்று சொல்கிறவர்தான் அந்த ஊரில் இருப்பவளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னால் பாதிப் பேருக்குப் பேனா நின்றுவிடும்.

ஏகாம்பரம் சொன்ன ரெண்டோ மூணோ வருஷம் பத்துக்கு மேல் இழுத்தது. எண்பதுகளின் நடுவில் நான் எங்கெங்கோ சுற்றிவிட்டு அதே ஒன்றியத்துக்கு விரிவாக்க அலுவலராக வந்தேன். அந்தச் சமயத்தில்தான் அரசாணை வந்தது, தறிமேடு தனி ஊராட்சி ஆயிற்று, நெடுநாள் கழித்து நடந்த தேர்தலில் ஏகாம்பரம் எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்தார். சில மாதம் கழித்து என் மேசையிலிருந்து அவருக்குப் போன முதல் கடிதத்துக்கு நானே விலாசம் எழுதினேன். டெஸ்பாட்ச் பையன் விநோதமாகப் பார்த்தான். 'தலைவர், தறிமேடு ஊராட்சி.' பழைய மணிமணியான எழுத்து வரவில்லை. தபாலில் போடாமல் நேரிலேயே எடுத்துக்கொண்டு போனேன்.

ஏகாம்பரம் வீட்டிலிருந்த பழைய கவர் இப்போது ஊராட்சி அலுவலகச் சுவரில் அதே பிரேமில் தொங்கியது. மை மங்கியிருந்தது. புதுக் கவரை ஏகாம்பரம் வாங்கிப் பார்த்துவிட்டு மேசை டிராயரில் போட்டார்.

"மாட்டலியாங்க?"

"இது சட்டப்படி வந்துது சார். இத்த இன்னாத்துக்கு மாட்டணும்?"

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது மல்லிகா வந்தாள். பால்வாடியில் குழந்தைகளைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கூட ஒரு பெண்.

"மாமா, இது தெக்குக் கோடி சுமதி. ஆசிரியர் டிரெய்னிங்குக்கு மனுப் போடணும், குடியிருப்புச் சர்டிபிகேட் வேணும்."

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. "தெக்குக் கோடி ஏழு வீடும் பெரியூரோட சேந்துட்டோம்னு பலகை மாட்டிகினு கீறானுங்க. அங்கயே போயி வாங்கிக்க சொல்லு."

"இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "குடிதண்ணித் தொட்டி கட்டினேன் சார். அவனுங்க புதுசா போட்ட தெருவுல. நடுவுல."

"பாவு நீட்ற தெருவா?"

அவர் மேசை டிராயரை இழுத்துச் சாத்தினார். சுமதியின் விரல்கள் கதவு விளிம்பைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன், பழைய ஜன்னல் கம்பி ஞாபகம் வந்தது.

மல்லிகா மேசையிலிருந்து அவருடைய லெட்டர்ஹெட் ஒன்றை உருவி, பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள். "சரி மாமா. அந்த ஏழு வீடும் உங்க ஊராட்சியில இல்லன்னு ஒரு வரி எழுதி, சீல் போட்டுக் குடுத்துடுங்க. நாங்க போறோம்."

ஏகாம்பரம் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பழைய கவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்காரரிடம் நடந்ததை நான் மல்லிகாவிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். எப்போது என்று நினைவில்லை.

"உங்க அப்பா பேரு இன்னாம்மா?" என்று அவர் சுமதியைக் கேட்டார். சான்று எழுதினார். எங்கள் ஊர்ப் பெண் என்றும் எழுதினார். சீல் ஒன்றே ஒன்றுதான் போட்டார்.

அவர்கள் போன பிறகு நானும் எழுந்தேன். வாசல் வரை வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சார், கட்டின தொட்டிய எடம் மாத்தணும்னா யாருக்கு எழுதணும்?"

"எனக்குத்தாங்க. விலாசத்த மட்டும் பாத்து எழுதுங்க" என்றேன்.